கைக்குழந்தை வந்த வீட்டில் நாய்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

எங்களுக்கு மூன்று பெண்கள். மூவருக்கும் தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான். ஆறு வருடத்துக்குள் மூன்று கைக்குழந்தைகள் வந்து போயின. மூன்று தடவையும் கூடத்தில் படுத்திருந்தது அதே ஜிம்மி, ஆண் நாட்டு நாய். பிரசவ வீட்டில் ஆம்பளைக்கு என்ன பெரிய வேலை? எனக்கு நாய் வேலை. முதல் தடவை எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். இரண்டாம் தடவை பாதி தப்பு. மூன்றாம் தடவைக்குள் சொந்தக்காரர்கள் போன் போட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கேட்பதெல்லாம் சுற்றிச் சுற்றி ஏழெட்டுக் கேள்விதான்.

உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள். பத்துக்கு எட்டு அங்கேயே தீர்ந்துவிடும்.

எல்லாத் தலைப்புக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. விழித்திருக்கும் பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் குழந்தையும் நாயும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. பக்கத்தில் அசந்து தூங்கும் தாய் இந்தக் கணக்கில் வரமாட்டாள். ஏழு வயது அக்காவும் வரமாட்டாள். "எங்க நாய் ஒண்ணும் செய்யாதுங்க" என்ற பேச்சும் வராது.

## எதற்கும் முன்னால்: ஊசி அட்டை

நாயின் ஊசி அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு ஒரு வருடம் தாண்டிவிட்டதா? பூச்சி மருந்து கொடுத்து மூன்று மாதம் ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் நாளைக் காலையில் மாட்டாஸ்பத்திரி. குழந்தை பிறக்குமுன் முடித்துவிட்டால் நிம்மதி. அட்டையே காணோம் என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

காது மடல், கழுத்துப் பெல்ட்டுக்கு அடியில், கால் விரல் இடுக்கு, இந்த மூன்று இடத்திலும் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உண்ணிக்குக் கழுத்தில் சொட்டு மருந்து விட்டால் அது காயும்வரை நாய் குழந்தைப் பக்கம் வரக் கூடாது. நாங்கள் இரண்டு நாள் கொல்லையிலேயே வைத்திருந்தோம். மாத்திரையாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. எது சரிவரும் என்று மருத்துவரைக் கேளுங்கள். மாட்டுக்கு அடிக்கிற மருந்தைக் கலக்கி நாய்மேல் ஊற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

## குழந்தை அழுதால் நாய் ஊளையிடுகிறது, நிலைகொள்ளாமல் சுற்றுகிறது

சத்தம் புதுசு. அதிகம் இதுதான். நாய் வந்து பார்க்கும், உங்கள் முகத்தைப் பார்க்கும், திரும்பிப் போய்ப் படுக்கும். ஒரு வாரத்தில் தானாக அடங்கும். அடங்காவிட்டால் அழுகையைப் போனில் பதிவுசெய்து, குழந்தை இல்லாத அறையில், காதில் விழுந்தும் விழாத சத்தத்தில் போட்டுக்கொண்டே நாய்க்குச் சோறு வையுங்கள். நாளுக்கு நாள் சத்தத்தைக் கொஞ்சமாகக் கூட்டலாம். இரண்டாவதாகப் பிறந்த பேரன் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே மாப்பிள்ளை பதிவுசெய்து அனுப்பினார். அவன் வீட்டுக்கு வருவதற்குள் ஜிம்மிக்கு அந்த அழுகை என்றால் சோறு என்று ஆகிவிட்டது. முதல் நாள் ராத்திரி அவன் வீறிட்டபோது வாலை ஆட்டிக்கொண்டு தட்டருகே போய் நின்றது.

அழுகை என்றால் திட்டு. குழந்தை அழும், உடனே யாராவது "ஏய், போ வெளியே" என்று நாயை விரட்டுவார்கள். நாலு நாளில் நாய்க்கு அழுகையே அபாய மணி ஆகிவிடும். அழும் நேரத்தில் வீட்டில் யார் நாயிடம் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு நாள் காதுகொடுத்துக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அது நான்தான்.

நடை நின்றுபோனது. முன்பு காலையும் மாலையும் போய்க்கொண்டிருந்த நாயைப் பிரசவ அலைச்சலில் எத்தனை நாளாகக் கூட்டிப்போகவில்லை? காலை அரை மணி நேரம், வெயிலுக்கு முன். வேறு வைத்தியம் தேவைப்படாது.

இத்தனையும் செய்து இரண்டு வாரமாகியும் நடுக்கம், எச்சில் ஒழுகல், சோறு இறங்காமை இருந்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். அழுகை கேட்டதும் தொட்டில்மேல் பாயப் பார்த்தால் 'சத்தமே இல்லாமல் உற்றுப் பார்க்கிறது' என்ற தலைப்புக்குப் போங்கள்.

## தூளி ஆடும்போது பாய்கிறது, அடியில் போய் நிற்கிறது

நாய் வளர்ப்பைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் சொல்வதிலெல்லாம் இது வராது. அவர்கள் வீட்டில் விட்டத்தில் புடவை கட்டித் தொங்கவிடுவதில்லை. நம் வீட்டில் தூளிதான் முதல் தகராறு. யோசித்துப் பாருங்கள்: தரைக்கு ஒன்றரை அடி உயரத்தில், உள்ளே ஏதோ நெளிகிற, முனகுகிற, பால் வாடை வீசுகிற ஒரு மூட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. துரத்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சோதனை. குழந்தையை எடுத்துவிட்டு, மூன்று கிலோ அரிசிப் பையைத் துண்டில் சுற்றித் தூளியில் போடுங்கள். நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வேறொருவரை ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம்தான் காரணமென்றால் அரிசிப் பைக்கும் பாயும். அரிசிப் பையைச் சட்டை செய்யாமல் குழந்தை இருக்கும்போது மட்டும் அடியில் போய் முகர்ந்தால் வாடைதான் காரணம்.

ஆட்டம் காரணமென்றால்: தினம் இரண்டு வேளை, ஐந்தைந்து நிமிடம், அரிசிப் பையோடு பழக்குங்கள். தூளி ஆடும்போது நாய் தன் சாக்கில் உட்கார்ந்திருந்தால் ஒரு துண்டு சப்பாத்தி. எழுந்தால் ஒன்றும் கிடையாது, திட்டும் கிடையாது. ஜிம்மிக்கு ஒன்பது நாள் பிடித்தது. இன்னொரு பிரசவம் வரப்போகிற வீடென்றால் வளைகாப்பு முடிந்த கையோடு தூளியைக் கட்டிப் பழக்க ஆரம்பித்துவிடலாம்.

வாடை காரணமென்றால்: குழந்தை கட்டிய பழைய துணி ஒன்றை நாய் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். மூன்று நாளில் அலுத்துவிடும்.

தூளியை உயர்த்திக் கட்டிவிடலாமே என்று என் மனைவி கேட்டாள். கூடாது. நாய் எட்டாத உயரம் என்பது குழந்தை விழுந்தால் தாங்காத உயரம். அறை வாசலுக்குக் குறுக்கே தட்டி வைப்பதுதான் வழி. பழைய கட்டில் பலகை ஒன்றை இடுப்புயரத்துக்கு அறுத்து, இரண்டு பக்கமும் கொக்கி போட்டோம். தச்சர் கூலி மட்டும்தான் செலவு. பழகிய பிறகும் தூளி ஆடும் அறைக்குள் நாய் வேண்டாம்.

## உறுமுகிறது

உறுமினால் அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். "என்னால் முடியவில்லை, தள்ளிப் போ" என்று நாய் சொல்வது அது. அடித்தால் உறுமலை நிறுத்திவிடும், ஆத்திரத்தை நிறுத்தாது. அடுத்த முறை சொல்லாமலே கடிக்கும். உறுமியதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிதானமாக அறையை விட்டு வெளியே வாருங்கள். அப்புறம் காரணம் தேடலாம்.

ஒரு சின்ன நோட்டில் மூன்று நாளைக்கு எழுதுங்கள்: எத்தனை மணி, எந்த இடம், குழந்தை யார் கையில், நாய் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது. ஞாபகத்தை நம்பாதீர்கள். நாயைப் பிடிக்காதவருக்கு அது எப்போதும் உறுமுவதாகத் தோன்றும், பிடித்தவருக்கு உறுமவே இல்லை என்று தோன்றும்.

ஒரே இடத்தில் உறுமினால்: அதன் இடத்தை நீங்கள் பிடித்திருக்கிறீர்கள். ஜன்னலுக்குக் கீழே காற்று வருகிற மூலையில் ஐந்து வருடமாகப் படுத்திருக்கும். அங்கே குழந்தையின் பாயை விரித்திருப்போம். பாயை நகர்த்துங்கள். முடியாதென்றால் நாய்க்கு அதே அளவு காற்று வருகிற வேறு மூலை கொடுத்து, நாலு நாள் அங்கேயே சோறு போடுங்கள்.

சோற்றுத் தட்டு, எலும்பு இருக்கும்போது உறுமினால்: கொல்லையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்த பிறகு உள்ளே விடுங்கள்.

தாயின் காலடியில் படுத்துக்கொண்டு, வருகிறவர்களைப் பார்த்து உறுமினால்: காவல் காப்பதாக எல்லோரும் பூரிப்பார்கள். என் பெரிய பெண்ணும் அப்படித்தான் பூரித்தாள். குழந்தையைத் தூக்க வந்த மாப்பிள்ளையையே பார்த்து உறுமியபோதுதான் முகம் மாறியது. தாய் குழந்தையோடு இருக்கும்போது நாய்க்குக் கட்டில்மேலும் கட்டிலருகிலும் இடமில்லை. இரண்டு மீட்டர் தள்ளி ஒரு சாக்கு. தாய்க்குக் கை ஓய்ந்த நேரத்தில் பத்து நிமிடம் அதை மட்டும் கொஞ்சட்டும்.

நேரம், இடம், ஆள் எதிலும் ஒழுங்கு தெரியாவிட்டால்: வலியைத் தேடுங்கள். எங்கள் நோட்டில் மூன்று நாளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. நாலாம் நாள் தலையைத் தடவும்போது இடது காதருகே கை போனதும் விலகியது. காது மடலைத் தூக்கி மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன். இரண்டு நாள் புளித்த மாவு வாடை. உள்ளே காப்பித்தூள் மாதிரி அழுக்கு. அந்தக் காதோடுதான் பாவம் வீறிடும் குழந்தையைக் கேட்டுக்கொண்டிருந்தது. காதில் விடச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் உறுமல் போச்சு. வயதான நாய் என்றால் இடுப்பு மூட்டையும் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்: குழந்தையை நேராகப் பார்த்துப் பல்லைக் காட்டினால், உடம்பு கட்டை போல விறைத்தால், காற்றில் ஒரு கடி கடித்துக் காட்டினால் அன்றைக்கே. சென்னையில் வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் உண்டு. முதலில் உடம்பைச் சோதிக்கச் சொல்லுங்கள், பயிற்சியாளர் பிறகு. 'அடித்து வழிக்குக் கொண்டுவருகிறேன்' என்கிற பயிற்சியாளரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

## சத்தமே இல்லாமல் உற்றுப் பார்க்கிறது

இந்தத் தலைப்பில் சின்னக் காரணம், பெரிய காரணம் என்று வரிசை கிடையாது.

பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். காது திரும்பி, வால் தளர்ந்து உங்களிடம் வந்தால் வெறும் வேடிக்கை பார்த்தது. கூப்பிட்டது காதிலேயே விழாமல், வாய் மூடி, கழுத்து நீண்டு, உடம்பு லேசாக நடுங்கி, பார்வை குழந்தைமேலேயே குத்திட்டு நின்றால் அந்த நிமிடமே பிரித்துவிடுங்கள். அது குழந்தையைக் குழந்தையாகப் பார்க்கவில்லை.

என் தங்கை வீட்டில் சிப்பிப்பாறை. முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே வளர்த்த இனம். உறுமல் இல்லை, குரைப்பு இல்லை, "எவ்வளவு சாதுவாப் பார்க்குது பாருங்க அண்ணே" என்று வீடியோ அனுப்பினாள். பார்த்ததும் போன் போட்டு நாயை உடனே வேறு வீட்டுக்கு மாற்றச் சொன்னேன். இப்போது மச்சான் தோட்டத்தில் இருக்கிறது. இனத்தைக் குறை சொல்லவில்லை; பொமேரியனும் இப்படிப் பார்க்கும். அப்படிப் பார்த்தால் வீட்டிலேயே பழக்கிச் சரிசெய்வது பலிக்காது. மருத்துவர் பார்க்கும்வரை ஒரு கூரைக்குக் கீழே வேண்டாம்.

## ஐந்தாம் மாதம் திரும்பி வந்த தாய்மேல் வாசலிலேயே தாவுகிறது

இது புகுந்த வீட்டு நாய்க்கு. வளைகாப்புக்குப் போனவள் ஏழெட்டு மாதம் கழித்து வருகிறாள். ஆரத்தித் தட்டு, கூட்டம், கையில் குழந்தை. நாய்க்கு மகிழ்ச்சி தாங்காது, கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.

அன்று காலை நாயை நன்றாக நடத்திக் களைப்பாக்குங்கள். குழந்தை வேறு ஒருவர் கையில் காரிலேயே இருக்கட்டும். தாய் மட்டும் தனியாக உள்ளே போய் நாய் நக்கித் தீர்க்கும்வரை நிற்கட்டும். பத்து நிமிடம். அப்புறம் நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டு ஆரத்தி எடுங்கள். நல்ல நேரம் தாண்டிவிடும் என்பார்கள். பத்து நிமிடம் முன்னால் கிளம்பினால் போச்சு.

## வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறது

முதலில் அளவைப் பாருங்கள். குளம் போலக் கிடந்தால் வெளியே விட மறந்திருக்கிறீர்கள். பழைய நேரத்துக்குக் கதவைத் திறந்தாலே தீரும். குழந்தையின் பை, மெத்தை ஓரம், தொட்டில் கால் இங்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்திருந்தால் புது வாடைமேல் தன் வாடையைப் பூசுகிறது. அந்தப் பொருட்களை எட்டாமல் வையுங்கள், இடத்தைச் சோப்புத் தண்ணீரிலும் அடுத்து வினிகர் கலந்த தண்ணீரிலும் துடையுங்கள். அடிக்கடி முக்கிச் சொட்டுச் சொட்டாக வந்தால், ரத்தம் கலந்திருந்தால், தேநீர் நிறத்தில் இருந்தால் அன்றே மருத்துவர். நாயின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் மனிதருக்கும் வரும். ஆகவே துடைக்கிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், பிறகு கையைக் கழுவாமல் குழந்தையைத் தூக்கக் கூடாது.

## சாப்பிடவில்லை, படுத்தே கிடக்கிறது

"பொறாமை" என்று வீடே சொல்லும். இருக்கலாம். வழக்கமாகச் சோறு வைத்தது யார் என்று கேளுங்கள். பிள்ளை பெற்றவள்தான் வைத்துக்கொண்டிருந்தாள் என்றால் ஒரு வேளை அவளையே வைக்கச் சொல்லுங்கள். தின்றால் விஷயம் முடிந்தது.

தின்னாவிட்டால் பொறாமைக் கதையை நிறுத்திவிட்டு உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் கசிந்தாலோ, உடம்பில் உண்ணி இருந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை வேண்டும். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். தொட்டுப் பார்த்து நமக்குக் காய்ச்சலென்று தோன்றுவது அதற்குச் சாதாரணம். ஒரு முழு நாள் சோறில்லாமல் போனால் இரண்டாம் நாள் காத்திருக்க வேண்டாம்.

## டயப்பரைக் கடித்துக் குதறுகிறது

மூடியுள்ள வாளி. அவ்வளவுதான். தின்றுவிட்டது என்று தெரிந்தால் எண்ணெய், உப்புத்தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். டயப்பருக்குள் இருப்பது ஈரம் பட்டால் ஊதும், குடலை அடைக்கும். எவ்வளவு தின்றது என்று மிச்சத்தைப் பொறுக்கிப் பார்த்துவிட்டு மருத்துவருக்குப் போன் போடுங்கள். வாந்தி, வயிறு உப்பல் இருந்தால் போன் வேண்டாம், நேராகத் தூக்கிக்கொண்டு போங்கள்.

## குழந்தைமேல் நக்கிவிட்டது, நகம் பட்டது, பல் பட்டது

காயமில்லாத தோலில் நக்கியது: சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

வாய், கண், மூக்குத் துவாரம், இன்னும் காயாத தொப்புள்கொடி, சொறியோ புண்ணோ உள்ள இடத்தில் நக்கியது: கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எடுத்துக்கொள்ள வேண்டும்.

கீறல், ரத்தம் வராவிட்டாலும்: குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பதற்றத்தில் இரண்டு நிமிடம் பதினைந்து போலத் தோன்றும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

ரத்தம் வந்த காயம், அல்லது தலை, முகம், கழுத்தில் பல் பட்டது: கழுவிக்கொண்டே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தையும் காயத்தைச் சுற்றிப் போடுவார்கள்.

தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுவார்கள். பச்சைக் குழந்தைக்குத் தாங்குமா என்று கேட்டு நாள் கடத்தாதீர்கள். எந்த வயதுக்கும் போடலாம். 'நம்ம நாய்க்குத்தான் ஊசி போட்டாச்சே' என்று நீங்களே முடிவுசெய்ய வேண்டாம். அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், மருத்துவர் முடிவுசெய்யட்டும். நாயைக் கொல்லவும் விரட்டவும் கூடாது. பத்து நாள் கண்ணெதிரில் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும்.

## "நாயை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடு" என்கிறார்கள்

இந்தக் கோளாறு நாயிடம் இல்லை. ஆனாலும் எனக்கு வருகிற போனில் பாதி இதுதான், அதனால் எழுதுகிறேன்.

சொல்வது யார், எதற்குப் பயப்படுகிறார் என்று தனியாக உட்கார்ந்து கேளுங்கள். எங்கள் சம்பந்தியம்மா தீட்டு, முடி, வாடை என்று ஏதேதோ சொன்னார். கடைசியில் பார்த்தால் சின்ன வயதில் நாய் கடித்து வயிற்றைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர். அவர் கண்ணில் படாமல் தட்டிக்கு அந்தப் பக்கம் நாயை வைத்ததும் பேச்சு நின்றது.

முடிதான் பிரச்சினை என்றால் தினமும் கொல்லையில் வைத்துச் சீவி, குழந்தைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். குழந்தைக்கு இழுப்பு, மூச்சுத்திணறல், தோல் தடிப்பு இருந்தால் குழந்தை மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள், எதிர்வீட்டுக்காரர் சொல்வதை அல்ல.

உண்மையிலேயே அனுப்பத்தான் வேண்டும் என்றால், தெரிந்த வீட்டுக்கு, அட்டையோடு, பழைய சாக்கோடு. ஊர் எல்லையில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பாதீர்கள்.

## தவழ ஆரம்பித்ததும் எல்லாம் திரும்ப வருகிறது

ஏழெட்டு மாதத்தில் போன் மறுபடி அடிக்கும். "நல்லாத்தான் இருந்துச்சு அப்பா, திடீர்னு மறுபடி உறுமுது." திடீரென்று ஒன்றுமில்லை. அதுவரை ஒரே இடத்தில் கிடந்த உருவம் இப்போது நாலு காலில் வந்து வாலைப் பிடிக்கிறது. மேலே 'உறுமுகிறது' தலைப்பில் உள்ளதை முதலிலிருந்து பாருங்கள். கூடுதலாக இரண்டு வேலை. நாய் எழுந்து போவதற்கு எந்நேரமும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும். மூலையில் முடக்கப்பட்ட நாய்தான் கடிக்கிறது. அப்புறம், தண்ணீர்க் கிண்ணம். மூன்றாவதாகப் பிறந்த எங்கள் பேத்தி ஜிம்மியின் கிண்ணத்தில் கையைவிட்டு நக்கிக்கொண்டிருந்தாள். ஜிம்மி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கிண்ணம் அன்றைக்கே கொல்லைக்குப் போனது. கொல்லைக் கதவுக்குக் கொக்கியை மேலே மாற்றினேன்.